மூக்கு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்குள் நான் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தூறல் எழுதியது:

வணக்கம். எனக்கு 26 வயது. என் மூக்குத்தண்டின் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. நேராகப் பார்ப்பவர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால் எனக்கு அது ஒன்றுதான் தெரியும். கூட்டமாகப் படம் எடுக்கும்போது ஓரத்தில் நின்றால் முகம் திரும்பிவிடும் என்று நடுவில் போய் நின்றுகொள்வது பதினான்கு வயதிலிருந்து வந்த பழக்கம்.

போன வாரம் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். இருபது நிமிடம் பேசினார். என் படத்தைக் கணினியில் ஏற்றி, மேட்டை அழித்துக் காட்டினார். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. மேட்டைச் சீவி எடுத்துவிடலாம், ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாம் என்றார். ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். “நன்றாக இருக்கும் மூக்கை ஏன் தொட வேண்டும்?” என்று கேட்கிறாள். என் மனம் மாறவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது உறைத்தது. கண்ணாடி அணிபவள் நான். அதைப் பற்றிக்கூடப் பேசவில்லை. இரவில் மூக்கின் இடப்பக்கம் அடைத்துக்கொள்ளும். அழகுக்காகச் செய்யும் சிகிச்சையில் அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். இதைச் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது என்ன என்று எழுதுங்கள்.

மறுகரை எழுதியது:

தூறல், கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இடப்பக்கம் அடைத்துக்கொள்ளும் என்று, உங்கள் பதிவிலேயே முக்கியமான வரி அதுதான். அதை மருத்துவரிடம் சொல்லாமல் மேசையில் படுக்காதீர்கள். நான் இந்த அறுவைச் சிகிச்சையை இரண்டு முறை செய்துகொண்டவள். இரண்டாவது முறை போனது மூச்சுக்காக.

முதல் முறை எனக்கு 24 வயது. உங்களுக்கு இருப்பதைப் போன்ற மேடுதான். எனக்கும் கணினியில் படம் காட்டினார்கள். நானும் எதுவும் கேட்கவில்லை. கட்டைப் பிரித்த நாளில் மகிழ்ச்சி, மூன்றாவது மாதத்தில் இன்னும் மகிழ்ச்சி. வீக்கம் வடிய வடியத்தான் மாற்றம் தெரியத் தொடங்கியது. ஏழெட்டு மாதம் ஆனபோது, படி ஏறி வந்து மூச்சை இழுத்தால் மூக்கின் இரு பக்கமும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியை மூக்கில் வைத்து மூச்சு இழுப்பதைப் போல இருக்கும். இரவில் ஒருக்களித்துப் படுத்து, ஆள்காட்டி விரலால் கன்னத்தைக் காதுப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். அப்படி இழுத்தால் மட்டும் காற்று போகும். காலையில் எழுந்து பார்த்தால் கன்னத்தில் நகத்தின் தடம் இருக்கும். பல மாதங்கள் அப்படிக் கழிந்தன.

ஏன் அப்படி ஆனது என்பதை இரண்டாவது மருத்துவர்தான் எனக்குப் புரியவைத்தார். மூக்குத்தண்டின் மேல் பாதி எலும்பு. அதற்குக் கீழே இருப்பது குருத்தெலும்பு. மூக்கின் இரண்டு பக்கங்களையும் உள்ளே பிரிக்கும் நடுச்சுவரின் மேல் விளிம்பிலிருந்து இருபக்கமும் கூரை சரிவதைப் போல இரண்டு குருத்தெலும்புத் தகடுகள் இறங்குகின்றன. அந்தத் தகடும் நடுச்சுவரும் சேரும் மூலைதான் மூக்கின் காற்றுப்பாதையிலேயே மிகக் குறுகலான இடம். மேடு என்பது பெரும்பாலும் எலும்பு மட்டுமல்ல. அதில் இந்தக் குருத்தெலும்பும் கலந்திருக்கும். மேட்டைச் சீவும்போது கூரையின் முகட்டையே சீவுகிறார்கள். பிறகு அந்த முகட்டைத் திரும்பக் கட்டாமல் விட்டால் தகடுகள் மெல்ல மெல்ல உள்ளே சரியும். வெளியிலிருந்து பார்த்தால் மூக்கின் நடுவில் கிள்ளிவிட்டதைப் போலவும், விளக்கு வெளிச்சத்தில் தலைகீழ் ‘வி’ வடிவ நிழல் விழுவதைப் போலவும் இருக்கும். எனக்கு அந்த நிழலும் இருந்தது, மூச்சும் இல்லை.

அதனால் உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “மேட்டை எடுத்த பிறகு நடுப்பகுதியை எப்படித் தாங்கிப் பிடிக்கப் போகிறீர்கள்?” நடுச்சுவருக்கும் தகடுகளுக்கும் இடையே தீக்குச்சியைப் போன்ற மெல்லிய குருத்தெலும்புத் துண்டுகளைச் செருகித் தைப்பார்கள். அதற்கு ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று பெயர். சிலர் தகட்டின் விளிம்பையே மடித்துத் தைப்பார்கள். வேறு சிலர் மேட்டைச் சீவாமல், முகட்டை அப்படியே காப்பாற்றிக்கொண்டு அடியில் எடுத்து மூக்கை இறக்குவார்கள். எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு மருத்துவரிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது பதில் ஆகாது. எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

இரண்டாவதாக, மூக்குக்குள் பார்த்தாரா? வெளியிலிருந்து படம் எடுத்தது போதாது. விளக்கு வைத்தோ, மெல்லிய எண்டோஸ்கோப் குழாய் விட்டோ நடுச்சுவர் வளைந்திருக்கிறதா, பக்கவாட்டுச் சதைகள் தடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்கள் இடப்பக்க அடைப்பு ஒவ்வாமையாலும் இருக்கலாம், வளைந்த சுவராலும் இருக்கலாம். ஒவ்வாமை என்றால் கத்தி வேண்டாம், மருந்து போதும். சுவர் வளைந்திருந்தால் ஒரே மயக்கத்தில் அதையும் நேராக்கிவிடலாம். ஏற்கெனவே குறுகலான பாதையைக் கவனிக்காமல் மேட்டை இறக்கினால் இன்னும் குறுகிவிடும்.

மூன்றாவதாக, குருத்தெலும்பு தேவைப்பட்டால் எங்கிருந்து எடுப்பார்? வழக்கமாக நடுச்சுவரிலிருந்து எடுப்பார்கள். அதிலும் முன்புறமும் மேற்புறமும் சுமார் 1 சென்டிமீட்டர் அகலத்துக்காவது விட்டுவைக்க வேண்டும். மூக்கின் கூரையை நிறுத்தும் தூண் அது. அதையும் குறைத்துவிட்டால் மூக்கு நடுவில் குதிரைச் சேணம் போலக் குழிந்துவிடும். முதல் முறையே என் நடுச்சுவரில் எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டதால், இரண்டாவது முறை காதிலிருந்து எடுத்தார்கள். அதுவும் போதாதவர்களுக்கு விலா எலும்பை ஒட்டிய குருத்தெலும்பு. முதல் முறை சரியாகச் செய்தால் இத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திறந்த முறையா மூடிய முறையா என்றும் கேளுங்கள். திறந்த முறையில் இரண்டு நாசித்துவாரங்களுக்கு நடுவே உள்ள தூணில் சிறிய வெட்டு வரும். உள்ளே இருப்பது முழுவதும் கண்ணுக்குத் தெரியும், நுனி வீக்கம் கொஞ்சம் நாள் கூடுதலாக இருக்கும். மூடிய முறையில் வெட்டெல்லாம் உள்ளேதான். எனக்கு இரண்டாவது முறை திறந்து செய்தார்கள். அந்தத் தழும்பைக் கண்ணாடிக்கு அருகில் போய்த் தேடினால்தான் எனக்கே தெரிகிறது. தழும்புக்குப் பயந்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கணினிப் படத்தைப் பற்றி: நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்று மருத்துவர் புரிந்துகொள்ள அது உதவும். அந்தப் படத்தில் இருக்கும் மூக்கு உங்களுக்கு வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. படத்துக்குத் தோல் கிடையாது. தடித்த தோல் உள்ளே செதுக்கிய நுட்பத்தையெல்லாம் மூடிவிடும். மெல்லிய தோல் சிறு பிசிறையும் வெளியே காட்டிவிடும். என் தோல் எப்படிப்பட்டது, அதற்கு எது சாத்தியம் என்று கேளுங்கள். உங்களைப் போன்ற மேடு இருந்தவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் எடுத்த படம் வேண்டாம், ஓராண்டு கழித்து எடுத்ததைக் கேளுங்கள். என் மூக்கும் ஒரு மாதத்தில் அழகாகத்தான் இருந்தது.

சரியாக வராவிட்டால் என்ன செய்வார், அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம். திறமையானவர்களின் கையிலும் மறு அறுவை தேவைப்படுவது உண்டு. அதைப் பற்றிப் பேசவே விரும்பாதவரிடம் போகாதீர்கள். வீக்கம் முழுமையாக வடிய, குறிப்பாக நுனியில், ஓராண்டு ஆகும். தடித்த தோல் என்றால் அதற்கும் மேல். அதனால் பொதுவாக ஓராண்டு முடியாமல் மறுபடி கை வைக்க மாட்டார்கள். நான் காத்திருந்தது பதினான்கு மாதம்.

வார்டுவிளக்கு எழுதியது:

சகோதரி, நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பதினொரு ஆண்டு செவிலியராக இருக்கிறேன். மறுகரை சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நோயாளிகள் எங்களிடம் சொல்லாமல் விடுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

“என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்பார்கள். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின், மாதவிடாய் வலிக்குப் போடும் இபுபுரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகை மாத்திரை இவையெல்லாம் மருந்துக் கணக்கிலேயே வராது அவர்களுக்கு. இவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. மூக்கு இரத்த ஓட்டம் மிகுந்த இடம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் மறைக்கவே கூடாது. நிக்கோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், தோலுக்குப் போகும் இரத்தம் குறையும், காயம் ஆறாது. சில வாரங்கள் முன்பும் பின்பும் முழுமையாக விட வேண்டும். நிக்கோடின் பட்டையும் மின்சிகரெட்டும் அதில் சேர்ந்தவைதாம்.

அறுவைச் சிகிச்சை முடிந்த அன்று இரவு துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். உங்கள் அக்காவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அவருக்கு இது பிடிக்கவில்லை என்றாலும் அன்று அவர்தான் வேண்டும். தலையணை இரண்டு வைத்துத் தலை உயர்ந்தபடி மல்லாந்து படுக்க வேண்டும். மூக்கில் பஞ்சோ சிலிக்கோன் தகடோ வைத்திருந்தால் வாயால்தான் மூச்சு விட முடியும். உதடு வெடிக்கும், தொண்டை காயும். வலியைவிட இதுதான் தாங்க முடியவில்லை என்று பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கண்ணைச் சுற்றி நீலமும் கறுப்புமாகக் கன்றி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும். தும்மல் வந்தால் அடக்காதீர்கள், வாயைத் திறந்து தும்முங்கள். மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது.

கண்ணாடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எலும்பை உடைத்து நகர்த்தியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் மூக்கின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. கண்ணாடியின் பாலத்தை நெற்றியில் பிளாஸ்திரியால் ஒட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது காண்டாக்ட் லென்ஸ் அணிய வேண்டும். லென்ஸ் புதிது என்றால் முன்பே பழகிக்கொள்ளுங்கள். வீங்கிய கண்ணில் முதல் முறை போடப் பழகுவது நடக்காது.

சில அறிகுறிகளுக்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டிய வலி திடீரென்று கூடி, மூக்கின் இரு பக்கமும் மொத்தமாக அடைத்துக்கொண்டால், நடுச்சுவரில் இரத்தம் தேங்கியிருக்கலாம். குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் மென்படலம்தான் அதற்கு உணவு. இடையில் இரத்தம் தேங்கினால் அந்தத் தொடர்பு அறுந்து, சில நாட்களில் குருத்தெலும்பு செத்துப்போகும். உடனே வடித்துவிட்டால் தப்பிக்கலாம். காய்ச்சல், நிற்காத இரத்தம், குனிந்தால் ஒரு பக்கம் மட்டும் தண்ணீரைப் போலத் தெளிவாகச் சொட்டுவது, பார்வையில் மாற்றம், எது வந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணில் யார் எடுப்பார்கள் என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் கட்டைப் பிரிக்கும்போது கண்ணாடியில் தெரிவது உங்கள் புதிய மூக்கு அல்ல. வீங்கி, நுனி மேலே தூக்கி, தோல் எண்ணெய் வடிந்து, பிளாஸ்திரியின் பசை ஒட்டியபடி ஏதோ ஒன்று தெரியும். அங்கேயே உட்கார்ந்து அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “என்ன செய்துகொண்டேன் நான்!” என்ற எண்ணம் முதல் சில வாரங்களில் வரும். நுனி மரத்துக் கட்டையைப் போல இருக்கும், சிரித்தால் மேலுதடு இழுக்கும், மேல் முன்பற்கள்கூட மரத்திருக்கலாம். பெரும்பாலானோருக்கு இவை வாரங்களிலும் மாதங்களிலும் சரியாகிவிடும்.

தூறல் எழுதியது:

இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுகரை சொன்ன கன்னத்தை இழுக்கும் விஷயத்தை இப்போதே செய்து பார்த்தேன். இடப்பக்கம் மூச்சு உடனே எளிதாகப் போகிறது! அப்படியென்றால் எனக்கு இப்போதே அந்தக் குறை இருக்கிறதா? அறுவையே வேண்டாம், ஊசி மூலம் ஃபில்லர் என்ற நிரப்பு மருந்தைப் போட்டு மேட்டை மறைத்துவிடலாம் என்று ஒரு தோழி சொல்கிறாள். அது பாதுகாப்பானதா?

மறுகரை எழுதியது:

கன்னத்தை இழுத்தால் பலருக்கும் கொஞ்சம் எளிதாகத்தான் இருக்கும். மருத்துவர்கள் அதை ஒரு தடயமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதை வைத்து மட்டும் முடிவுக்கு வரமாட்டார்கள். நீங்களும் வந்துவிட வேண்டாம். ஆனால் இதைச் செய்து பார்த்தேன், இப்படி இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஃபில்லர் எதையும் குறைக்காது, கூட்டத்தான் செய்யும். மேட்டுக்கு மேலும் கீழும் நிரப்பிச் சமமாக்குவார்கள். கோடு நேராகும், மூக்கு பெரிதாகும். ஹயலூரானிக் அமில வகை ஃபில்லர் என்றால் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்குச் சற்று மேல்வரை நிற்கும். கத்தி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைக்காதீர்கள். மூக்கின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. மருந்து குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அரிதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. முகத்தில் ஃபில்லர் போடுவதற்கு மிக ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. போடுவதாக இருந்தால், அதைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்தைக் கையோடு வைத்திருக்கும் தேர்ந்த மருத்துவரிடம் மட்டும். என் இரண்டு அறுவைக்கு நடுவில் குழியை மறைக்க எனக்கும் இதைச் சொன்னார்கள். ஒருமுறை அறுத்த மூக்கில் குழாய்களின் பாதை மாறியிருக்கும், ஆபத்து இன்னும் கூடும் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டேன்.

ஒன்றரைமீட்டர் எழுதியது:

நான் தேதி வரை போய், செய்துகொள்ளாமல் திரும்பியவன். உங்களைத் தடுப்பதற்காக எழுதவில்லை, ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

என் மூக்கு அகலம் என்று பல ஆண்டுகள் குமைந்தேன். அந்த எண்ணம் முழுவதும் கைபேசியில் நானே எடுத்த படங்களிலிருந்து வந்தது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் படத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். மூக்கு காதைவிடக் கைபேசியின் படவில்லைக்கு அருகில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். இதை எனக்குச் சொன்னவர் நான் பார்த்த மருத்துவரே. தம்பியிடம் கைபேசியைக் கொடுத்து, அறையின் மறுமுனையில் நின்று எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தில் இருந்த மூக்கோடு எனக்குச் சண்டையே இல்லை.

உங்களுடையது பக்கவாட்டு மேடு. அது தூரத்திலிருந்து எடுத்தாலும் இருக்கும். ஆனாலும் தள்ளி நின்று எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மோவாயையும் சேர்த்துப் பாருங்கள். மோவாய் உள்வாங்கியிருந்தால் மூக்கு துருத்தித் தெரியும். அதையும் கவனித்துச் சொல்பவர்தான் முகம் முழுவதையும் பார்க்கிறவர். ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் இதையே நினைக்கிறீர்கள் என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாளில் மணிக்கணக்கில் அது ஓடினால், வேலைக்கும் வெளியிலும் போக முடியாமல் செய்தால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடல் தோற்றம் குறித்த அந்த வாதை இருப்பவர்களுக்கு அறுவைக்குப் பிறகு நிம்மதி வருவது அரிது. கவலை இன்னோர் இடத்துக்கு நகர்ந்துவிடும். நான் சில மாதங்கள் ஆலோசனைக்குப் போனேன். எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

தூறல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் மருத்துவரிடம் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, வேறொருவரைப் பார்த்தேன். அக்காவும் வந்தாள். தள்ளி நின்று எடுத்த படங்களையும், மாத்திரைகளை எழுதிய தாளையும் கொண்டுபோனேன். குழாய் விட்டுப் பார்த்தார். நடுச்சுவர் இடப்பக்கம் நன்றாக வளைந்திருக்கிறது, அடியில் எலும்பு முள்ளைப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது என்று திரையில் காட்டினார். அக்கா வாயடைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்றார். “மேட்டை எடுத்த பிறகு நடுப்பகுதியை எப்படித் தாங்கிப் பிடிப்பீர்கள்?” என்று கேட்டதும் ஒரு தாளை எடுத்து வரைந்தே காட்டிவிட்டார். இரண்டு கோடு, நடுவில் இரண்டு குச்சி. நுனியை நான் கேட்ட அளவுக்குத் தூக்க மாட்டேன், உங்கள் தோலுக்கு அது நிற்காது என்றும் சொன்னார். வருத்தமாக இருந்தாலும், அப்படி ஒருவர் மறுத்ததில்தான் நம்பிக்கை வந்தது.

நடுச்சுவரில் எடுப்பது போதாவிட்டால் காதிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்கிறார். மறுகரை, உங்களுக்குக் காதில் வலி இருந்ததா?

மறுகரை எழுதியது:

முதல் வாரம் மூக்கைவிடக் காதுதான் வலித்தது. எனக்குக் காதின் பின்பக்கம் வெட்டி, உட்கிண்ணத்திலிருந்து எடுத்தார்கள். வடிவம் மாறவில்லை, தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பல நாள் ஆயிற்று. உங்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும்: கண்ணாடியின் கம்பி சரியாக அந்தத் தையலின் மேல்தான் உட்காரும். எந்தக் காதிலிருந்து எடுக்கப் போகிறார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். லென்ஸ் போடப் பழகிவிட்டால் மூக்குக்கும் காதுக்கும் சேர்த்து அது ஒன்றே போதும்.